விண்பாலம்: ஆர்மீனிய நிலநடுக்கமும் தொலைமருத்துவமும் (1988–89)

11 மணி 41 நிமிடம்

1988 டிசம்பர் 7, புதன்கிழமை. சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த ஆர்மீனியக் குடியரசின் வடபகுதியில் காலை 11 மணி 41 நிமிடத்துக்கு நிலம் ஆடியது. அளவு 6.8. பள்ளிகளில் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம்; ஆலைகளில் வேலை மும்முரமாக இருந்த நேரம். மையப்புள்ளியை ஒட்டியிருந்த ஸ்பிதாக் நகரம் ஏறத்தாழ முழுவதும் தரைமட்டமானது. குடியரசின் இரண்டாவது பெரிய நகரமான லெனினகானில், முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளைக் கோத்துக் கட்டிய ஒன்பது மாடிக் குடியிருப்புகள் பல தளத்தின்மேல் தளமாக மடிந்து விழுந்தன. நான்கு நிமிடம் கழித்து வந்த பின்னதிர்வு, விரிசலோடு நின்றிருந்தவற்றையும் சாய்த்தது. லெனினகானுக்கு இன்று கியூம்ரி என்று பெயர். அடிபட்ட இன்னொரு நகரமான கிரோவகான் இன்று வனத்ஸோர்.

அரசுக் கணக்கின்படி இறந்தவர்கள் 25,000 பேர். சுமார் ஐந்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். மலைநாட்டின் டிசம்பர் குளிரில் அவர்கள் இரவுகளைத் தெருவில் நெருப்பு மூட்டிக் கழித்தார்கள். மருத்துவமனைகளும் மற்றக் கட்டடங்களைப் போலவே கட்டப்பட்டவை, அவையும் இடிந்தன. காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்திருக்க வேண்டிய மருத்துவர்களும் செவிலியர்களும் பலர் உள்ளேயே மாண்டார்கள். தப்பிப் பிழைத்த நோயாளிகளைத் தெற்கே இருந்த தலைநகர் எரெவானுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எரெவானின் கட்டடங்கள் நின்றன. அதனால் அந்த நகரத்து மருத்துவமனைகளே குடியரசு முழுவதற்குமான சுமையை ஏற்றன.

அதே நாளில் சோவியத் தலைவர் மிகயீல் கொர்பச்சேவ் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபையில் உரையாற்றிக்கொண்டிருந்தார். செய்தி வந்ததும் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு நாடு திரும்பினார். சோவியத் அரசு வெளிநாடுகளின் உதவியை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவிடமிருந்து அது பேரிடர் உதவி பெற்றது இதுவே முதல் முறை. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் உதவி அனுப்பின; விமானங்கள் தொடர்ந்து வந்திறங்கின. மலைகளுக்கு நடுவே, மூடுபனியில், நெரிசல் மிகுந்த வான்வழியில் அந்தப் பயணமே ஆபத்தானதாக இருந்தது. டிசம்பர் 11ஆம் தேதி லெனினகான் அருகே சோவியத் ராணுவ விமானம் ஒன்று விழுந்து, மீட்புப் பணிக்கு வந்துகொண்டிருந்த 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் யுகோஸ்லாவியாவின் உதவி விமானம் எரெவான் அருகே விழுந்தது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

இடிபாட்டுக்குள் தொடங்கும் நோய்

இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்படுபவருக்கு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. கான்கிரீட்டின் அடியில் கையோ காலோ பல மணி நேரம் அழுந்திக் கிடந்தால் தசைகள் சிதைகின்றன. பாரத்தை எடுத்தவுடன் அந்தத் தசைகளுக்குள் மீண்டும் ரத்தம் பாய்கிறது. சிதைவில் வெளிப்பட்ட பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற புரதமும் அந்த ரத்தத்தோடு கலந்து உடலெங்கும் செல்கின்றன. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடும். மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்யும். லண்டன் மீது ஜெர்மானியர் குண்டு வீசிய காலத்தில், எரிக் பைவாட்டர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1941இல் இந்த நிலையை விவரித்து எழுதினார். மருத்துவ உலகம் இதை ‘கிரஷ் சிண்ட்ரோம்’ என்கிறது.

இதற்கு மருந்தும் முறையும் தெரிந்தவையே. ஆளை வெளியே இழுப்பதற்கு முன்பே ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும்; சிறுநீரகம் நின்றுவிட்டால் அது மீளும் வரை டயாலிசிஸ் செய்ய வேண்டும். ஆர்மீனியாவில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டது. எந்திரங்கள் போதவில்லை; அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் போதவில்லை. வெளிநாடுகளிலிருந்து எந்திரங்களும் சிறுநீரக மருத்துவர்களும் வந்து சேர்ந்தபோது, எங்கே யார் படுத்திருக்கிறார்கள், எந்த மருத்துவமனைக்கு எது வேண்டும் என்று சொல்ல ஒழுங்கான ஏற்பாடு இல்லாமல் பொன்னான நாட்கள் கழிந்தன.

முதல் வாரம் கடந்தபின் நோயின் முகம் மாறியது. வெட்டி எடுக்கப்பட்ட கைகால்கள், ஆறாத புண்கள், எலும்புக்குள் இறங்கிய சீழ், முதுகுத்தண்டு காயங்கள், செயற்கை உறுப்புக்காகக் காத்திருந்த குழந்தைகள், குடும்பம் முழுவதையும் இழந்து பேச்சற்றுப்போனவர்கள் என்று நீண்ட காலச் சிக்கல்கள் எரெவான் மருத்துவர்களின் முன் வந்து நின்றன. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறை அறிவு வேண்டும். இத்தனை துறை வல்லுநர்களையும் ஒரே நகரத்துக்கு மாதக்கணக்கில் வரவழைத்து வைத்திருக்க எந்த நாட்டாலும் முடியாது. தொலைவிலிருக்கும் மருத்துவரிடம் ஆலோசனை பெறும் தொலைமருத்துவம் நுழைந்த இடம் இதுதான்.

மெக்சிகோவில் ஒரு பழைய செயற்கைக்கோள்

பேரிடரில் செயற்கைக்கோள் உதவியதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. ஆர்மீனிய நிலநடுக்கத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1985 செப்டம்பர் 19 அன்று, மெக்சிகோ நகரத்தை 8.0 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியிருந்தது. ஹுவாரெஸ் மருத்துவமனையின் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்தது. பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவும் விழுந்தது. தொலைபேசி நிலையம் சேதமடைந்ததால் வெளியூர், வெளிநாட்டுத் தொடர்புகள் அறுந்தன. உள்ளே இருந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை வெளியே இருந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

அந்த இடைவெளியை நிரப்பியது, 1967இல் நாசா ஏவிய ஏடிஎஸ்-3 என்ற செயற்கைக்கோள். எதிர்பார்த்த ஆயுளைப் பல மடங்கு தாண்டி அது இயங்கிக்கொண்டிருந்தது. அதன் வரிசையில் முதலாவதான ஏடிஎஸ்-1 வழியாக, 1970களின் தொடக்கத்தில் அலாஸ்காவின் சிற்றூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் தொலைவிலிருந்த மருத்துவர்களுடன் நாள்தோறும் பேசி வந்தார்கள். ஆகவே எந்தக் கருவி வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பது முன்பே பழகிய ஒன்று. மெக்சிகோவில் நிலம் ஆடிய 24 மணி நேரத்துக்குள் ஏடிஎஸ்-3 வழியே நிவாரண அமைப்புகளுக்குக் குரல் தொடர்பு கிடைத்தது.

அந்தத் தொடர்பில் படம் இல்லை. நோயாளியைக் காட்ட முடியவில்லை. ஒரு நோய்க்கும் அதன் வழியே மருத்துவம் பார்க்கப்படவுமில்லை. எத்தனை பேர், எங்கே, எது தேவை என்ற செய்தி மட்டுமே போயிற்று. பேரிடரின் முதல் நாளில் மிக அவசரமானது அந்தச் செய்திதான் என்பதை மெக்சிகோ காட்டியது. வானத்தில் ஏற்கெனவே இருந்த செயற்கைக்கோளும் ஏற்கெனவே பழகியிருந்த ஆட்களும் சேர்ந்ததால்தான் ஒரு நாளுக்குள் அது நடந்தது. ஆர்மீனியாவில் அந்த இரண்டும் அந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்கவில்லை.

பாலம் கட்டியவர்கள்

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பகையாளிகளாக இருந்த காலத்திலும் இரு நாட்டு விண்வெளி மருத்துவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். விண்வெளி உயிரியல், மருத்துவத்துக்கான கூட்டுப் பணிக்குழு 1970களின் தொடக்கத்திலிருந்து இருந்து வந்தது. 1975இல் அப்பல்லோ–சோயுஸ் கலங்கள் வானில் இணைந்தன. உறவு கசந்த இடைவெளிக்குப் பிறகு, 1987 ஏப்ரலில் விண்வெளி ஒத்துழைப்பு உடன்படிக்கை மறுபடியும் கையெழுத்தானது.

இந்த மருத்துவர்களுக்குத் தொலைமருத்துவம் புதிதும் அல்ல. விண்வெளிக்கு மனிதன் போன முதல் நாளிலிருந்தே நோயாளி மேலேயும் மருத்துவர் கீழேயும் இருந்தார்கள். இதயத்துடிப்பும் மூச்சும் அலைகளாக இறங்கி வரும். அறிவுரை குரலாக ஏறிச் செல்லும். ஓர் உடலைத் தொடாமலே அதன் நிலையை மதிப்பிடும் பயிற்சி இரு தரப்பிலும் இருந்தது. அந்தப் பயிற்சியை நிலத்தில் கிடந்த நோயாளிகளுக்குத் திருப்பிவிடலாம் என்ற யோசனையை இந்தக் கூட்டுப் பணிக்குழுவின் வழியே அமெரிக்கா முன்வைத்தது; சோவியத் தரப்பு ஏற்றுக்கொண்டது. நாசாவின் உயிர் அறிவியல் பிரிவை நடத்திய ஆர்னோ நிக்கோகோசியன் இம்முயற்சியின் முக்கியப் பொறுப்பாளர்களில் ஒருவர்.

ஏற்பாட்டுக்கு ‘ஸ்பேஸ்பிரிட்ஜ்’, அதாவது விண்பாலம், என்று பெயரிட்டார்கள். சொல் ஏற்கெனவே வழக்கில் இருந்தது. 1980களில் அமெரிக்க, சோவியத் பொதுமக்களைச் செயற்கைக்கோள் வழியே நேருக்கு நேர் பேசவைத்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அப்படித்தான் அழைத்தார்கள். ஃபில் டோனஹியூவும் விளாதிமிர் போஸ்னரும் நடத்திய சியாட்டில்–லெனின்கிராட் நிகழ்ச்சி அவற்றில் புகழ்பெற்றது. அந்த அரட்டை அரங்கின் தொழில்நுட்பம்தான் இப்போது மருத்துவமனைக்குள் வந்தது.

பாலத்தின் ஒரு முனை எரெவானில் ஒரு மருத்துவ மையம். மறுமுனையில் அமெரிக்காவின் நான்கு மருத்துவ நிறுவனங்கள்: பெதஸ்டாவில் ராணுவ மருத்துவர்களை உருவாக்கும் சீருடைப் பணிகள் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம், பால்டிமோரில் விபத்துக் காய மருத்துவத்துக்குப் பேர்போன மேரிலாந்து அவசர மருத்துவ நிறுவனம், ஹூஸ்டனில் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையம், யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த மருத்துவமனை. ஒரே நோயாளியைப் பற்றி நான்கு இடங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடிந்தது.

1989 மே மாதம் பாலம் திறந்தது. ஜூலை வரை, 12 வாரங்கள் இயங்கியது.

ஓர் அமர்வின் நடைமுறை

பாலத்தின் வழியே சென்றவை மூன்று: ஒருவழிப் படம், குரல், தொலைநகல். எரெவானிலிருந்து நோயாளியின் படம் அமெரிக்கா சென்றது. பேச்சு இருபுறமும் ஓடியது. எழுத்தில் இருந்த நோய் வரலாறும் குறிப்புகளும் தொலைநகலில் சென்றன. எரெவானில் இருந்தவர்களுக்குத் தங்களுக்கு அறிவுரை சொல்பவரின் முகம் தெரியவில்லை. நோயாளியைக் காண்பது யாருக்குத் தேவையோ அவருக்குப் படம் போனால் போதும் என்பதே கணக்கு. முழு அசைவுப் படத்துக்கான செயற்கைக்கோள் நேரம் விலை மிகுந்தது. அதை ஒரு திசையோடு நிறுத்தியது சிக்கனமான முடிவு.

அமர்வுகள் அரைநாள் நீண்ட மருத்துவக் கருத்தரங்கங்களாக நடந்தன. அமெரிக்காவில் காலை என்றால் எரெவானில் மாலை. இரு தரப்பும் விழித்திருக்கும் வேளை குறுகியது என்பதால் நேரம் முன்கூட்டியே குறிக்கப்பட்டது. நோயாளியைத் தன் பொறுப்பில் வைத்திருந்த உள்ளூர் மருத்துவர் நிலைமையை விளக்குவார். கேள்விகள் வரும், பதில் சொல்வார். ஆங்கிலம் ஒருபுறம், ரஷ்ய, ஆர்மீனிய மொழிகள் மறுபுறம் என்பதால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எதுவும் நகராது. மருத்துவச் சொல் ஒன்றைத் தவறாகப் பெயர்த்தால் மருந்தே மாறிவிடும் என்பதால் அந்தப் பணி மருத்துவர்களின் பணிக்குச் சமமான பொறுப்புடையது.

அமெரிக்க வல்லுநர் எவரும் எரெவானில் இருந்த நோயாளிக்கு நேரடியாக மருத்துவம் பார்க்கவில்லை. அவர் கருத்துச் சொன்னார். அதைக் கொள்வதும் தள்ளுவதும் படுக்கையருகே நின்றவரின் முடிவு. எரெவான் மருத்துவர்கள் முழுப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்குக் குறைவாக இருந்தது சில துறைகளின் அனுபவமும் சில கருவிகளும்தான். ஆகவே நடந்தது சமமானவர்களின் கலந்தாய்வு. அந்நாட்டில் மருத்துவம் செய்ய உரிமம் பெறாதவர் சொன்ன கருத்துக்கு யார் பொறுப்பு என்ற சட்டச் சிக்கலும் இந்த ஏற்பாட்டில் எழவில்லை. நோயாளி உள்ளூர் மருத்துவரின் நோயாளியாகவே நீடித்தார்.

ஊஃபா

பாலம் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது சோவியத் ஒன்றியத்தில் இன்னொரு பேரழிவு நிகழ்ந்தது. 1989 ஜூன் 4ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளை. யூரல் மலைப்பகுதியில் ஊஃபா நகருக்கும் ஆஷா என்ற ஊருக்கும் இடையே, ரயில் பாதையை ஒட்டிச் சென்ற எரிவாயுக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு மேலெழும்பிக் கலையாமல் பள்ளத்தில் குளம்போலத் தேங்கியது. எதிரெதிர்த் திசையில் வந்த இரண்டு பயணிகள் ரயில்கள் அந்த இடத்தில் ஒன்றையொன்று கடந்தபோது அது பற்றிக்கொண்டு வெடித்தது. 575 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். நூற்றுக்கணக்கானோர் கடுமையான தீக்காயத்தோடு பிழைத்தார்கள்.

கடும் தீக்காய மருத்துவம் நுட்பமானது. உடலிலிருந்து கசியும் நீரை மணிக்கு மணி கணக்கிட்டு ஈடுசெய்ய வேண்டும். இறந்த தோலை அகற்றிப் புதிய தோல் ஒட்ட வேண்டும். கிருமித் தொற்று வாரக்கணக்கில் அச்சுறுத்தும். அமெரிக்க ராணுவத்தின் தீக்காய மருத்துவக் குழு ஒன்று ஊஃபாவுக்கு நேரில் சென்றது. அதோடு, எரெவானுக்கு என்று அமைத்த விண்பாலம் ஊஃபாவுக்கும் நீட்டப்பட்டது. புதிய பாலம் கட்ட வேண்டியிருக்கவில்லை. இருந்த பாலத்துக்கு ஒரு கிளை போட்டால் போதுமானதாக இருந்தது. டிசம்பர் நிலநடுக்கத்துக்கு ஐந்து மாதம் எடுத்த வேலை, ஜூன் வெடிப்புக்குச் சில வாரங்களில் முடிந்தது.

பாலத்தின் கணக்கு

12 வாரங்களில் 34 அரைநாள் அமர்வுகள் நடந்தன. ஆர்மீனிய, ரஷ்யத் தரப்பில் 247 மருத்துவப் பணியாளர்களும் அமெரிக்கத் தரப்பில் 175 பேரும் பங்குகொண்டார்கள். மொத்தம் 209 நோயாளிகளைப் பற்றிக் கலந்து பேசினார்கள். தேவைப்பட்ட சிறப்புத் துறைகள் 20. எலும்பு மருத்துவம், நரம்பியல், மனநலம், தொற்றுநோய், பொது அறுவை ஆகியவை அவற்றில் அடங்கும்.

ஆர்மீனிய நோயாளிகள் 185 பேரின் முடிவுகள் தனியே ஆராயப்பட்டன. அவர்களில் 54 பேருக்கு நோய்க்கணிப்பே மாறியது. 70 பேருக்குப் புதிய சோதனைகள் பரிந்துரைக்கப்பட்டன. 47 பேருக்கு நோயைக் கண்டறியும் வழிமுறை மாற்றப்பட்டது. 47 பேருக்குச் சிகிச்சைத் திட்டம் திருத்தப்பட்டது. ஏறக்குறைய பத்தில் மூன்று நோயாளிகளுக்கு நோயின் பெயரே மாறியது என்றால், கருத்துப் பரிமாற்றம் வெறும் மரியாதைச் சடங்காக இருக்கவில்லை என்பது தெளிவு. ஒரே நேரத்தில் பல மையங்கள் கலந்துகொண்டது பயன் தந்தது என்றும், படமும் குரலும் மருத்துவ முடிவுக்குப் போதுமான தரத்தில் இருந்தன என்றும் பங்கேற்றவர்கள் மதிப்பிட்டார்கள்.

இந்த எண்கள் எதைச் சொல்லவில்லை என்பதும் முக்கியம். எத்தனை உயிர் காப்பாற்றப்பட்டது என்பதை அவை அளக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, பாலம் இல்லாத இன்னொரு நோயாளித் தொகுதியும் இருக்கவில்லை. பல்லாயிரம் பேர் காயம்பட்ட பேரிடரில் 185 என்பது சிறு தொகை. ஆனால் சிக்கலான நோயாளிகளையே பேச்சுக்கு எடுத்தார்கள். ஒருவரைப் பற்றிக் கேட்ட அறிவுரை, அதே நிலையில் வார்டில் படுத்திருந்த மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியது.

ஐந்து மாதத் தாமதம்

விண்பாலத்தின் பெரிய குறை அது பிறந்த தேதி. நிலம் ஆடியது டிசம்பரில். பாலம் திறந்தது மே மாதத்தில். கிரஷ் சிண்ட்ரோம் நோயாளிகளின் கதி அதற்குள் முடிவாகிவிட்டது. சிறுநீரகம் மீண்டவர்கள் மீண்டார்கள், மற்றவர்கள் இறந்தார்கள். டயாலிசிஸ் எந்திரங்களைப் பங்கிடுவதில் நேர்ந்த குழப்பத்துக்கு ஒரு நல்ல குரல் தொடர்பே பேருதவியாக இருந்திருக்கும். அது அப்போது இல்லை.

தாமதத்துக்குக் காரணம் கருவி மட்டும் அல்ல. ஒரு நாட்டின் எல்லைக்குள் இன்னொரு நாட்டின் தொலைத்தொடர்புக் கருவியைக் கொண்டுவர அனுமதி வேண்டும். அலைவரிசை ஒதுக்க வேண்டும். சுங்கம் விட வேண்டும். யார் என்ன பேசுவார்கள் என்பதில் இரு அரசுகளும் உடன்பட வேண்டும். பனிப்போர்க் காலத்தில் இவை ஒவ்வொன்றும் தனிப் பேச்சுவார்த்தை. மருத்துவர்களின் பழைய அறிமுகம் இல்லாமல் இருந்திருந்தால் மே மாதத்திலும் முடிந்திருக்காது.

இந்தப் பாடம் இரண்டு வழிகளில் நடைமுறைக்கு வந்தது. முதலாவது மருத்துவத் துறையில். ஆர்மீனிய அனுபவத்தின் விளைவாகப் பன்னாட்டுச் சிறுநீரகவியல் சங்கம், பேரிடர் உதவிக்கென்று ஒரு நிரந்தரக் குழுவை அமைத்தது. ஆட்கள், எந்திரங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் முன்கூட்டியே பட்டியலில் இருந்தன. 1999 ஆகஸ்ட் 17இல் துருக்கியின் மர்மரா பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அந்தக் குழு உடனே களமிறங்கியது. அங்கே 477 பேருக்கு டயாலிசிஸ் செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

இரண்டாவது சட்டத் துறையில். 1998 ஜூன் 18இல் பின்லாந்தின் டாம்பெரே நகரில், பேரிடர்க் காலத்தில் தொலைத்தொடர்புக் கருவிகளை எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதற்கான உடன்படிக்கை உருவானது. அனுமதி, சுங்கம், பணியாளர்களின் சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றை முன்பே தீர்த்துவைப்பது அதன் நோக்கம். 30 நாடுகள் இசைந்த பிறகுதான் அது செயலுக்கு வர முடியும். அதற்கு ஆறரை ஆண்டு பிடித்தது. 2005 ஜனவரி 8இல் அது நடைமுறைக்கு வந்தபோது, இந்தியப் பெருங்கடலில் சுனாமி எழுந்து 13 நாட்கள் ஆகியிருந்தன.

நிரந்தரப் பாலங்கள்

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, ஆர்மீனியா தனிநாடானது. ஆனால் நாசாவும் ரஷ்ய மருத்துவர்களும் பாலத்தைக் கைவிடவில்லை. 1990களில் மாஸ்கோவோடு புதிய தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. பத்தாண்டின் நடுப்பகுதியில் அது இணையத்துக்கு மாறியது. நோயாளியின் விவரங்களையும் படங்களையும் சேமித்து அனுப்பலாம். வல்லுநர் தமக்குத் தோதான நேரத்தில் பார்த்துப் பதில் தரலாம். இரு கண்டங்களும் ஒரே வேளையில் விழித்திருக்க வேண்டிய கட்டாயம் அத்துடன் நீங்கியது. செயற்கைக்கோள் நேரத்துக்கான செலவும் குறைந்தது.

இந்தியாவில் தொலைமருத்துவம் பேரிடருக்காகத் தொடங்கப்படவில்லை. 2000 மார்ச்சில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில், அப்பல்லோ நிறுவனத்தின் மருத்துவமனையை நகரத்து வல்லுநர்களோடு இணைக்கும் தொலைமருத்துவ மையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு இஸ்ரோ இத்துறையில் இறங்கி, மருத்துவர் எளிதில் போகமுடியாத இடங்களைச் செயற்கைக்கோள் வழியே நகர மருத்துவமனைகளோடு இணைக்கத் தொடங்கியது. சென்னையிலிருந்து கப்பலில் சுமார் மூன்று நாள் தொலைவிலுள்ள போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை, சென்னை போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையோடு இப்படி இணைக்கப்பட்டது. அன்றாட நோயாளிகளுக்காக அமைந்த இணைப்பு அது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கியபோது பாலம் ஏற்கெனவே இருந்தது. காயம்பட்டவர்களுக்காகவும் அதன் வழியே ஆலோசனை பெற முடிந்தது. எரெவானில் ஐந்து மாதம் பிடித்த ஏற்பாட்டுக்கு இங்கே காத்திருப்பு வேண்டியிருக்கவில்லை.

2020இல் வந்த பேரிடர் கட்டடங்களை இடிக்கவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் நெருங்குவதையே ஆபத்தாக்கியது. கோவிட் ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 அன்றே இந்திய அரசு தொலைமருத்துவ நடைமுறை விதிகளை வெளியிட்டது. அதுவரை இத்துறைக்கென்று நாடு தழுவிய தெளிவான விதி இருக்கவில்லை. எந்த மருந்துகளைத் தொலைபேசியில் பேசியே எழுதலாம், எவற்றுக்குக் காணொலியில் முகம் காண வேண்டும், எவற்றை எழுதவே கூடாது என்று அந்த விதிகள் பட்டியலிட்டன. போதை தரும் மருந்துகள் முற்றிலும் விலக்கப்பட்டன. நோயாளியே அழைத்தால் அவருடைய ஒப்புதல் அதில் அடங்கியதாகக் கொள்ளலாம் என்றது விதி. மருத்துவருக்கு ஐயம் ஏற்பட்டால் நேரில் வரச் சொல்வது அவர் கடமை என்றும் வரையறுத்தது.

ஏப்ரல் 13இல், அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவையின் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. மூன்றே வாரத்தில் அது முடிந்ததற்குக் காரணம், 2019 நவம்பரிலிருந்தே துணைச் சுகாதார நிலையங்களை மருத்துவர்களோடு இணைக்க அதே சேவை இயங்கி வந்ததுதான். வீட்டிலிருக்கும் நோயாளிக்கு ஒரு வாசல் திறப்பது மட்டுமே மீதியிருந்தது. தொடக்க மாதங்களில் இதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

எரெவானுக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. விண்பாலத்தின் இரு முனைகளிலும் மருத்துவர்கள் இருந்தார்கள். நாடி பார்க்கவும் வயிற்றை அழுத்திப் பார்க்கவும் புண்ணைத் திறந்து காட்டவும் நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு கை இருந்தது. ஊரடங்குக் காலத்தின் இணைப்பில் நோயாளி பெரும்பாலும் தனியே இருந்தார். தன் உடலைத் தானே கவனித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் காய்ச்சல், இருமல், நெடுநாள் மருந்தைத் தொடர்தல் போன்றவற்றுக்கு அது பொருந்தியது. மூச்சுத் திணறலுக்கும் நெஞ்சு வலிக்கும், ஆம்புலன்சை அழைக்கச் சொல்வதற்குமேல் அதனால் செய்ய முடிந்தது குறைவு. 1989இல் பாலம் வந்து சேரத் தாமதமானது, கை காத்திருந்தது. 2020இல் பாலம் விரைந்து வந்தது. மறுமுனையில் பல வீடுகளில் அந்தக் கை இல்லை.